25,000 வசூல், 23,000 வரவு: மூன்று மென்பொருள்களை இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறிய சர்வீஸ் நிறுவனத்தில் கொட்டேஷன், கணக்கு, கார்டு வசூல் ஆகிய மூன்று மென்பொருள்களை இணைத்த வேலையின் பதிவு இது. இணைப்பைச் செய்து கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்கள், நிறுவனம், மென்பொருள்கள் எதற்கும் பெயர் சொல்லவில்லை. தொகைகளை எளிதாக விளங்கும்படி முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பிளம்பிங், எலக்ட்ரிகல், ஏசி சர்வீஸ் மூன்றும் செய்யும் நிறுவனம். வேலைக்குப் போகிறவர்கள் 11 பேர். அலுவலகத்தில் போன் எடுக்க ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர், அப்புறம் முதலாளி. மாதம் சுமார் 140 பில் போடுவார்கள்.

மூன்று மென்பொருள்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தலைவலிக்காக வாங்கியவை. முதலில் வந்தது கணக்கு மென்பொருள். வரிக் கணக்கு கொடுக்க அது தேவைப்பட்டது. வேலை நடக்கும் இடத்திலிருந்தே விலை சொல்ல வேண்டும் என்று கொட்டேஷன் செயலி வந்தது. "கார்டு எடுப்பீங்களா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்ததும் கையடக்க மெஷினும் பேமென்ட் லிங்க் வசதியும் வந்தன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் கணக்கர்தான். அவர் மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். கொட்டேஷன் எண், பில் எண், பணம் வந்த தேதி என்று மூன்று கட்டம். மூன்றும் நிரம்பினால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக்.

முதலாளி என்னைக் கூப்பிட்டது ஒரே காரணத்துக்காக. "மாசக் கடைசியில கணக்கு டேலி ஆக நாலு நாள் ஆகுது. மூணையும் இணைச்சுட்டா சரியாயிடும்னு சொல்றாங்க." சரியாகிவிடும்தான். ஆனால் கையால் செய்த தவறை இணைப்பு இன்னும் வேகமாகச் செய்து கொடுக்கும் என்பதை அவரிடம் முதல் நாளே சொன்னேன்.

உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தவை

எதையும் இணைப்பதற்கு முன் இரண்டு நாள் கணக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரே தொகை மூன்று முறை தட்டப்பட்டது: கொட்டேஷனில் ஒரு முறை, பில்லில் ஒரு முறை, கார்டு மெஷினில் ஒரு முறை. முதல் நாளே ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. பில்லைவிட வசூல் 90 அதிகம். கணக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்பதால வகுபடுது சார். எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்." அவர் சொன்னபடியே 8,450 என்ற பில்லுக்கு மெஷினில் 8,540 தட்டியிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். பழைய பேரேட்டுக்காரர்களுக்கு இது கைவந்த பாடம். எந்த மென்பொருளும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

வாடிக்கையாளர் பட்டியல் குப்பையாக இருந்தது. ஒரே குடியிருப்புச் சங்கம் நான்கு பெயர்களில் பதிவாகியிருந்தது: சங்கத்தின் முழுப் பெயர், சுருக்கப் பெயர், செயலாளரின் பெயர், காவலாளியின் போன் எண்.

வேலை தொடங்கும் முன் 40 சதவீதம் அட்வான்ஸ் வாங்குவார்கள். அது வந்த அன்றே விற்பனை வருமானமாக எழுதப்பட்டது. அட்வான்ஸ் ஒரு மாதம், வேலை அடுத்த மாதம் என்றால் முதல் மாத லாபம் பெரிதாகவும் அடுத்த மாத லாபம் சிறிதாகவும் தெரியும். முடிக்காத வேலைக்கு வாங்கிய பணம் நாம் பட்டிருக்கும் கடன். வேலை முடிந்து பில் போட்ட பிறகுதான் அது வருமானம்.

போனில் கார்டு எண் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. பின்பக்கத்து மூன்று இலக்க எண் உட்பட. அந்தத் தாள்கள் ஒரு கிளிப்பில் மாட்டி மேஜை மேலேயே தொங்கின.

முடிச்சு இருந்த இடம்

மேலே சொன்னவை எல்லாம் தொந்தரவுகள். நான்கு நாளைத் தின்றது வேறு ஒன்று.

கார்டில் வாங்கும் பணம் நேராக வங்கிக்கு வராது. வசூல் நிறுவனம் ஒரு நாளின் பணத்தையெல்லாம் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்து, இடையில் ஏதாவது பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் கழித்து, மிச்சத்தை ஒரே தொகையாக ஓரிரு நாள் கழித்து அனுப்பும். ஒரு நாள் 12,000, 8,450, 4,550 என்று மூன்று பில்களுக்குப் பணம் வந்தது. மொத்தம் 25,000. கட்டணம் 500. முந்தைய வாரத்து வேலை ஒன்றுக்கு 1,500 திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வங்கிப் பட்டியலில் வந்தது ஒரே வரி: 23,000.

இந்த 23,000 எந்த பில்லின் தொகையோடும் பொருந்தாது. எந்த இரண்டு பில்லின் கூட்டுத்தொகையோடும் பொருந்தாது. கணக்கர் என்ன செய்வார்? பெரிய பில்லை முதலில் மூடுவார், அடுத்ததை மூடுவார், மிச்சத்தை மூன்றாவதில் போடுவார். முழுப் பணமும் கட்டிய வாடிக்கையாளர் பெயரில் 2,000 நிலுவை நிற்கும். மாதக் கடைசியில் "பாக்கி இருக்கே" என்று அவருக்குப் போன் போகும். அவர் ரசீதை எடுத்துக் காட்டுவார், இவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். இப்படி மாதத்துக்கு ஏழெட்டு போன்.

இது போதாதென்று வங்கிப் பட்டியலைத் தானாக இழுக்கும் வசதியில் யாரோ ஒரு விதி போட்டு வைத்திருந்தார்கள்: வசூல் நிறுவனத்தின் பெயரில் வருவதெல்லாம் "விற்பனை". பில் போட்டபோது ஒரு முறை விற்பனை, பணம் வந்தபோது இன்னொரு முறை விற்பனை. சில நாட்களில் அந்த விதி முந்திக்கொள்ளும், சில நாட்களில் கணக்கர் முந்திக்கொள்வார். அதனால் எல்லா மாதமும் ஒரே அளவில் தவறாக இல்லை. கணக்கு உதைக்கிறது என்று தெரியும், எங்கே உதைக்கிறது என்று தெரியாது.

கட்டணம் 500 எங்கேயும் செலவாக எழுதப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வருடம் முழுக்கக் கார்டு வாங்குவதற்கு எவ்வளவு செலவாகிறது என்று முதலாளிக்குத் தெரிய வழியே இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலாளிக்கு மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாம் ஒன்றாக இருக்கும் ஒரே மென்பொருளுக்குப் போக ஆசை. நான் வேண்டாம் என்றேன். வேலைக்குப் போகிறவர்கள் 11 பேருக்கும் அந்தக் கொட்டேஷன் செயலி கைப்பழக்கம் ஆகியிருந்தது. கணக்கு மென்பொருளில் பல வருடப் பேரேடு இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உடைந்தது என்று கண்டுபிடிக்கக்கூட முடியாது. புதிதாக நிரல் எழுதி இணைப்பதையும் தவிர்த்தேன். நான் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்தும் ஆயத்த இணைப்பி ஒன்றைச் சந்தையிலிருந்தே எடுத்தோம்.

அடுத்த முடிவுதான் முக்கியம்: எந்தத் தகவலுக்கு எது சொந்தக்காரன்? வாடிக்கையாளர் விவரமும் வேலை விவரமும் கொட்டேஷன் செயலிக்குச் சொந்தம். பில் எண், வரி, பேரேடு கணக்கு மென்பொருளுக்கு. பணம் வந்ததா, திரும்பியதா என்பது வசூல் மென்பொருளுக்கு. சொந்தக்கார இடத்தில் மட்டுமே திருத்தலாம். மற்ற இடங்களுக்கு அது ஒருவழியாகப் போகும். ஆயத்த இணைப்பியில் இருவழி ஒத்திசைவு என்று ஒரு பொத்தான் இருந்தது, பார்க்க வசதியாகவும் தெரிந்தது. இரண்டு பக்கமும் திருத்தலாம் என்றால் கடைசியாகத் தொட்டவன் ஜெயிப்பான். அலுவலகத்தில் சரிசெய்த முகவரியை, ஒரு மணி நேரம் கழித்து சிக்னல் கிடைத்த யாரோ ஒருவரின் போன் பழையபடி மாற்றிவிடும். அந்தப் பொத்தானை அணைத்தே வைத்தோம்.

23,000 பிரச்சினைக்குத் தீர்வு கணக்கியலில் பழையது. நடுவில் ஓர் இடைக்கணக்கு. வாடிக்கையாளர் 12,000 கட்டினால் அவர் பில் அன்றே முழுதாக மூடப்படும். அந்தப் பணம் வங்கிக்குப் போகாமல் இடைக்கணக்கில் பற்று எழுதப்படும். மூன்று பில்லும் சேர்ந்து இடைக்கணக்கில் 25,000. திருப்பிக் கொடுத்த 1,500 அதிலிருந்து கழியும்: 23,500. கட்டணம் 500 தனிச் செலவாகப் போகும்: 23,000. வங்கியில் 23,000 வந்ததும் அது இடைக்கணக்கிலிருந்து வந்த மாற்றம் என்று பொருத்தப்படும். மிச்சம் பூஜ்யம். வங்கிப் பட்டியலின் அந்தப் பழைய "விற்பனை" விதியை நீக்கினோம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இடைக்கணக்கு ஒரு காவல்காரன் மாதிரி. வழியில் இருக்கும் ஓரிரு நாள் பணம் மட்டும்தான் அதில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏதாவது நின்றால் எங்கோ தவறு.

அட்வான்ஸை வருமானமாக இல்லாமல் கடனாகக் காட்டும் பொறுப்புக் கணக்கு ஒன்று திறந்தோம். கார்டு எண் எழுதிய தாள்களை அன்றே கிழித்து அழித்தோம். போனில் பணம் கட்டுகிறவர்களுக்கு இனி லிங்க் மட்டும்தான் போகும். பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, ஒப்புதல் கிடைத்த பிறகு அந்த மூன்று இலக்க எண்ணை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது. தாளும் அதில் அடக்கம்.

மெஷினில் தொகை தட்டுவதையும் நிறுத்தினோம். பில் திறந்து "வசூலி" என்று அழுத்தினால் தொகை தானாக மெஷினுக்குப் போகும். 8,540 கதை அத்தோடு முடிந்தது.

ஒத்திகையும் ஒரு 0.01 தகராறும்

ஒத்திகைச் சூழலில் ஆறு சந்தர்ப்பங்களை ஓட்டிப் பார்த்தோம்: முழுப் பணம், பாதிப் பணம், அட்வான்ஸ், திருப்பிக் கொடுத்தல், கார்டு மறுக்கப்படுதல், சம்மதம் வாங்கிய பிறகு கொட்டேஷன் மாறுதல். சில பில்களில் 0.01 நிலுவை நின்றது.

கொட்டேஷன் செயலி மொத்தத்துக்கு வரி போட்டுப் பிறகு இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கியது. கணக்கு மென்பொருள் பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி போட்டு முழுமையாக்கியது. தலா 10.05 என்று மூன்று பொருள், வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30.15, வரி 3.015, அதாவது 3.02. தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1.005, அதாவது 1.01, மூன்றும் சேர்ந்து 3.03. இரண்டும் சரியான கணக்குதான். ஆனால் ஒன்றில் வந்த பணம் இன்னொன்றின் பில்லை மூடாது. கொட்டேஷன் செயலியின் அமைப்பில் "பொருள்வாரியாக" என்று மாற்றியதும் தீர்ந்தது. கண்டுபிடிக்க அரை நாள், மாற்ற அரை நிமிடம்.

அப்புறம் நடந்தவை

முதல் மூன்று வாரம் கணக்கர் நோட்டையும் விடாமல் எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரட்டை வேலைதான். அவர் முகம் சுளிக்கவில்லை. இணைப்பை நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

நான்காம் நாள் அவரிடமிருந்து போன். "சார், இடைக்கணக்குல ஒரு 6,200 மூணு நாளா நகரவே இல்ல." போய்ப் பார்த்தால் ஒரே பணம் இரண்டு முறை பதிவாகியிருந்தது. வசூல் மென்பொருள் "பணம் வந்தது" என்று அனுப்பும் அறிவிப்புக்கு வெப்ஹுக் என்று பெயர். எதிர்ப்பக்கம் "கிடைத்தது" என்று உரிய நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் அது மறுபடியும் அனுப்பும். அன்று கணக்கு மென்பொருள் பதிவைச் செய்து முடித்துவிட்டது, பதில்தான் தாமதம். இரண்டாவது அறிவிப்பு வந்தது, இரண்டாவது பதிவும் விழுந்தது. இந்த அறிவிப்புகள் ஒரு முறையாவது வந்து சேரும் என்பதற்குத்தான் உத்தரவாதம். ஒரே ஒரு முறைதான் வரும் என்பதற்கு இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆயத்த இணைப்பி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்ணைப் பதிவின் குறிப்பில் எழுதி, புதிதாகப் பதியும் முன் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் ஒரு படியைச் சேர்த்தோம். அதன் பிறகு இரட்டைப் பதிவு வரவில்லை.

மூன்றாம் வாரம் வந்தது வேறு மாதிரி. சத்தமே இல்லாமல் இணைப்பு நின்றுபோனது. இரண்டு நாள் பில் எதுவும் போய்ச் சேரவில்லை, யாருக்கும் தெரியவில்லை. இணைப்புக்கான அனுமதியைப் போன் எடுக்கும் ஊழியரின் கணக்கில் நுழைந்து கொடுத்திருந்தோம். அவர் கடவுச்சொல்லை மாற்றியதும் அனுமதி செத்துவிட்டது. இந்த முறை இடைக்கணக்கு காட்டிக்கொடுக்கவில்லை. எதுவும் நுழையவில்லை என்றால் அதுவும் சுத்தமாகத்தான் இருக்கும். காட்டிக்கொடுத்தது நோட்டு. சிவப்பு டிக் இல்லாமல் 13 வரி. இணைப்புக்கென்றே தனிப் பயனர் கணக்கு திறந்தோம். தோல்வி நேர்ந்தால் மின்னஞ்சல் வரும்படி செய்தோம். தினமும் மாலையில் "இன்று போட்ட பில் எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை" என்று இரண்டு எண்கள் மட்டும் முதலாளிக்குப் போகும்.

அதிகம் சண்டை வந்தது கொட்டேஷன் மாறுவதில்தான். சம்மதம் வாங்கிய கொட்டேஷனைத் திறந்து, "இன்னும் ரெண்டு பைப் மாத்தணும்" என்று தொகையை ஏற்றினால் இணைப்பி அதைப் புதிய கொட்டேஷனாக எடுத்து இன்னொரு பில் போட்டது. சம்மதம் ஆனதும் கொட்டேஷன் பூட்டப்படும், கூடுதல் வேலைக்குத் தனிக் கொட்டேஷன் என்று விதி வைத்தேன். மூத்த பிளம்பர் முதலாளியிடம் நேராகப் போய்விட்டார். "அண்ணே, வாஷர் மாத்துறதுக்கெல்லாம் தனி கொட்டேஷனா? அந்த அம்மா சமையலறையில தண்ணி கொட்டிக்கிட்டிருக்கு, நான் போன்ல கையெழுத்து வாங்கிட்டு நிக்கணுமா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிறிய கூடுதல்களைச் செயலியில் குறிப்பாக எழுதி அனுப்பினால் போதும், அலுவலகம் பில்லிலேயே ஒரு வரி சேர்க்கும் என்று மாற்றினோம். சிறியது என்றால் எவ்வளவு என்ற வரம்பை முதலாளியே வைத்தார்.

நான்காம் மாதம் ஒரு சார்ஜ்பேக் வந்தது. வேலை சரியில்லை என்று வாடிக்கையாளர் தன் கார்டு வங்கியில் முறையிட, வசூல் நிறுவனம் அந்தத் தொகையையும் ஒரு தனிக் கட்டணத்தையும் அடுத்த வரவிலிருந்து பிடித்துக்கொண்டது. இணைப்பியில் இதற்கு வழி வைக்கவில்லை. இடைக்கணக்கில் மிச்சம் பூஜ்யமாகாமல் நின்றதைப் பார்த்துத்தான் தெரிந்தது. செயலியில் இருந்த கையெழுத்தையும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அனுப்பினோம். தொகை திரும்ப வந்தது, கட்டணம் வரவில்லை. இதைக் கையால்தான் பதிந்தோம். எப்போதாவது வருவதற்குத் தானியங்கி தேவையில்லை.

விளைவு

மாதக் கடைசி நான்கு நாள், ஆறாம் மாதத்தில் அரை நாளானது. தவறான பாக்கி போன்கள் நின்றன. கணக்கரின் வேலை குறைந்தது என்று சொல்ல மாட்டேன். தட்டச்சு குறைந்து, கண்காணிப்பு கூடியது. காலையில் வந்ததும் முதலில் இடைக்கணக்கைத் திறப்பதாகச் சொன்னார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கார்டுக் கட்டணம் முதல் முறையாக ஒரே வரியில் செலவாகத் தெரிந்ததும் முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் பெரிய வேலைகளின் பில்லில் வங்கிப் பரிமாற்றத்துக்கான விவரத்தை மேலேயும் கார்டு லிங்கைக் கீழேயும் போடச் சொன்னார். கார்டு வசூலை எளிதாக்கக் கூப்பிட்ட வேலை, கார்டு வசூலைக் கொஞ்சம் குறைத்ததில் முடிந்தது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

திரும்பச் செய்தால்

வாடிக்கையாளர் பட்டியலை முதலில் சுத்தம் செய்வேன். இணைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால் நான்கு பெயர்ச் சங்கம் கணக்கு மென்பொருளுக்கும் நான்காகவே போனது. பிறகு இரண்டு பக்கமும் இணைத்துச் சரிசெய்ய ஒரு வாரம்.

மாதத்தின் முதல் தேதியில் தொடங்குவேன். நாங்கள் தொடங்கியது நடு மாதம். பழைய முறையில் பாதி மூடிய பில்களும் வழியில் இருந்த பணமும் கலந்ததால் இடைக்கணக்கின் தொடக்க மிச்சம் என்ன என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போனது.

ஒத்திகைக்கு அந்த மூத்த பிளம்பரைக் கூப்பிட்டிருப்பேன். வாஷர் விஷயத்தை அவர் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். தணிக்கையாளரிடமும் அட்வான்ஸ் முறையை மாற்றும் முன்பே பேசியிருப்பேன். நாங்கள் மாற்றிவிட்டுச் சொன்னதால் முந்தைய மாதங்களை மறுபடி எழுத வேண்டி வந்தது.

அட்வான்ஸ் வாங்கிய வேலை ரத்தாகி, பாதியைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் இன்றும் கையால்தான் நடக்கிறது. மாதத்துக்கு இரண்டோ மூன்றோ. அந்த நோட்டில் இப்போது ரொக்க வசூலும் இதுவும் மட்டும் எழுதப்படுகின்றன. சிவப்பு டிக் அப்படியே தொடர்கிறது.